50 வருஷம் தாண்டின காருக்கு விஏ நம்பர் வாங்குறது எப்படி, வாங்கினா எங்க ஓட்டலாம்

வீட்டு ஷெட்ல தாத்தா காலத்து அம்பாசடரோ ஃபியட்டோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ நிக்குதுன்னா, "வின்டேஜ்னு ரிஜிஸ்டர் பண்ணிடலாமா"ன்னு ஒரு தடவையாவது யோசிச்சிருப்பீங்க. தாராளமா பண்ணலாம். ஆனா விஏ நம்பர், அதாவது வின்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன், வாங்கிட்டா அதுக்கப்புறம் அந்த வண்டிய ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு, கல்யாணத்துக்குன்னு எடுத்துட்டு போக முடியாது. இத மனசுல வெச்சுக்கிட்டு மீதிய படிங்க, ஏன்னா நிறைய பேர் நம்பர் பிளேட் அழகுக்கு ஆசைப்பட்டு போயிட்டு அப்புறம்தான் இந்த ரூல பாக்குறாங்க.

2021 ஜூலைல மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகள திருத்தி, வின்டேஜ் வண்டிக்குன்னு தனியா விதிகள் கொண்டு வந்துச்சு. முதல் ரிஜிஸ்ட்ரேஷன் தேதிலேர்ந்து 50 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கணும், ஒரிஜினலா இருக்கணும், சேசிஸ், பாடி, இன்ஜின் இதுல பெரிய மாற்றம் எதுவும் பண்ணியிருக்கக் கூடாது. கார் மட்டும் இல்ல, டூவீலரும் இதுல வரும், அதனால பழைய புல்லட், ஜாவா, லாம்பி ஸ்கூட்டர் வெச்சிருக்கவங்களுக்கும் இது பொருந்தும். பழைய வண்டிகளுக்கான உலக அமைப்பான ஃபிவா 30 வருஷம் ஆனாலே ஹிஸ்டாரிக்னு ஒத்துக்குது, அத படிச்சுட்டு 1988 மாடல் கான்டெஸாவ எடுத்துட்டு வர்றவங்க இருக்காங்க, நம்ம ஊர் சட்டத்துல அது இன்னும் சாதாரண பழைய கார்தான்.

இன்ஜின் விஷயத்துலதான் பாதி அம்பாசடர் அடி வாங்கும். ஒரு காலத்துல பெட்ரோல் கட்டுப்படியாகலன்னு மெட்டடார் வேனோட டீசல் இன்ஜின இறக்கி ஓட்டாத ஊரே கிடையாது. வண்டி 1965 மாடலா இருந்தாலும் உள்ள வேற இன்ஜின் உக்காந்திருந்தா அது ஒரிஜினல் கணக்குல வராது. பழைய பெட்ரோல் இன்ஜின் ஷெட் மூலைல கிடந்தா தயவுசெஞ்சு காயலான் கடைக்கு போட்டுடாதீங்க, அத ரெடி பண்ணி திரும்ப ஏத்தி, ஆர்சில இருக்க நம்பரோட ஒத்துப்போகுதான்னு பாத்துட்டு அப்புறம் அப்ளை பண்ணுங்க.

பேப்பர் வேலை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி சேசிஸ் நம்பர நீங்களே ஒரு தடவை கண்ணால பாருங்க. எங்க அப்பாவோட ஹெரால்ட்ல பானட்டுக்குள்ள ரிவெட் அடிச்ச ஒரு சின்ன தகடு, அது மேல யாரோ எப்பவோ பெயின்ட் அடிச்சு விட்டுருந்தாங்க, எழுத்தே தெரியல. எமரி பேப்பர் போட்டு தேச்சா நம்பரே போயிடும்னு பயந்து, தின்னர்ல நனைச்ச துணிய வெச்சு மெதுவா ஒத்தி ஒத்தி எடுத்தோம், அரை மணி நேரத்துல ஒவ்வொரு நம்பரா வெளிய வந்துச்சு. அது மேல வெள்ளை பேப்பர வெச்சு பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்சி புக்கோட ஒப்பிட்டு பாத்தா, 8 இருக்க வேண்டிய இடத்துல புக்குல 3 எழுதியிருக்கு. பல வருஷம் முன்னாடி கைல எழுதின புக்கு, யாரும் கவனிக்கல. அத திருத்திட்டு வரவே எங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு இது தெரிஞ்சிருந்தா மொத்தமா நின்னுருக்கும்.

அப்ளிகேஷன் ஃபார்ம் 20, பரிவாகன் போர்ட்டல் வழியா போடணும். கூட இன்ஷூரன்ஸ், ஃபீஸ், ஏற்கனவே இந்தியால ஓடின வண்டின்னா பழைய ஆர்சி, வெளிநாட்டுலேர்ந்து வந்ததுன்னா பில் ஆஃப் என்ட்ரிங்கற கஸ்டம்ஸ் பேப்பர். மாநில அளவுல ஒரு கமிட்டி வண்டிய பாத்து வின்டேஜ்தானான்னு முடிவு பண்ணும். எல்லாம் சரியா இருந்தா 60 நாளுக்குள்ள ஃபார்ம் 23ஏ-ல ஆர்சி தரணும்னு விதி சொல்லுது.

நம்பருக்கு வருவோம். புதுசா ரிஜிஸ்டர் ஆகுற வண்டிக்கு மாநில எழுத்து, அப்புறம் விஏ, அப்புறம் ரெண்டு எழுத்து சீரிஸ், கடைசில 0001-லேர்ந்து 9999-க்குள்ள ஒரு நம்பர். உதாரணத்துக்கு டிஎன் விஏ ஏஏ 0001 மாதிரி வரும். ஆனா ஏற்கனவே இந்திய நம்பர் இருக்க வண்டி அந்தப் பழைய நம்பரையே வெச்சுக்கலாம். எம்எஸ்னும் டிஎம்னும் ஆரம்பிக்குற அந்த மெட்ராஸ் காலத்து நம்பர் உங்ககிட்ட இருந்தா எந்தக் காரணத்துக்காகவும் விட்டுடாதீங்க, வண்டி எந்தக் காலத்துலேர்ந்து நம்ம ஊர் ரோட்டுல ஓடுதுங்கறதுக்கு அதுதான் சாட்சி. ஒரு தடவை போனா திரும்பி வராது.

ஃபீஸ் புது ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், அதுக்கப்புறம் ரினியூவலுக்கு 5,000. விஏ போகாம சாதாரண ஆர்சிலேயே இருந்தா 5 வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்சி (வண்டி ஓடுற தகுதில இருக்கான்னு பாக்குறது) காட்டி ரினியூ பண்ணணும், 2025 ஆகஸ்ட்லேர்ந்து 20 வருஷத்துக்கு மேல ஆன காருக்கு அதுக்கு 10,000 ஆக்கிட்டாங்க. அப்போ முதல் 10 வருஷத்துக்கு ரெண்டு பக்கமும் ஃபீஸ் கணக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான். இம்போர்டட் காருக்குத்தான் வித்தியாசம் பெருசு, அதுக்கு சாதாரண ரினியூவலே 80,000, அந்த மாதிரி வண்டி வெச்சிருந்து ரொம்ப ஓட்டவும் மாட்டீங்கன்னா விஏ நல்ல வழி.

ஓட்டுறது எங்க? கண்காட்சி, வின்டேஜ் ரேலி, டெக்னிக்கல் ரிசர்ச், அங்க போயிட்டு திரும்பி வர்றது, பெட்ரோல் போடுறது, மெயின்டனன்ஸ். அவ்வளவுதான். தினசரி ஓட்டம் கூடாது, வாடகைக்கு விடுறதும் கூடாது, கல்யாண ஊர்வலத்துக்கு காசு வாங்கிட்டு அனுப்புறதும் அதுலதான் வரும். ரேலிக்கு போறப்போ அழைப்புக் கடிதத்த பிரிண்ட் எடுத்து ஆர்சி, இன்ஷூரன்ஸோட கைல வெச்சுக்கோங்க, வழில நிறுத்தினா எங்க போறோம்னு வாயால விளக்குறத விட அந்த ஒரு தாள் சீக்கிரம் வேலைய முடிக்கும்.

என்னக் கேட்டா, மாசத்துக்கு ரெண்டு தடவையாவது குடும்பத்தோட ஓட்டணும்னு ஆசை இருக்கவங்க சாதாரண ஆர்சியவே உயிரோட வெச்சுக்கோங்க. 50 வருஷம் முடிஞ்சதும் வண்டி தானா விஏ ஆகிடாது, நாம அப்ளை பண்ணாத்தான். நாங்களும் ஹெரால்டுக்கு அப்படியே விட்டுட்டோம், அப்பாவுக்கு அத ஓட்டாம நிறுத்தி வெச்சா மனசு தாங்காது.

விஏ வண்டிய விக்கவும் வாங்கவும் தடை இல்ல, ஆனா வித்தவரும் வாங்கினவரும் 90 நாளுக்குள்ள அவங்கவங்க மாநில அதிகாரிக்கு தெரியப்படுத்தணும், இத விக்கிற அன்னைக்கே கையோட பண்ணிடுங்க.