பொதுச்சுவர் யாருடையது? சென்னை வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் போன்ற பழைய பகுதிகளில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர் நிற்பது சாதாரணம். தலைமுறைகளாக யாரும் கண்டுகொள்ளாத அந்தச் சுவர், ஒரு வீடு இடிக்கப்பட்டு அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்போதுதான் வழக்காக மாறுகிறது. இங்கிலாந்தில் பொதுச்சுவருக்கென்றே 1996ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் அப்படியொன்று இல்லை. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமும் (வசதியுரிமை என்பது அடுத்தவர் சொத்தின்மீது உங்கள் சொத்தின் பயனுக்காக இருக்கும் உரிமை; ஆங்கிலத்தில் ஈஸ்மென்ட்), நீதிமன்றத் தீர்ப்புகளும், உங்கள் பத்திரத்தில் எழுதியிருக்கும் வாசகமும் சேர்ந்துதான் உங்கள் உரிமையைத் தீர்மானிக்கின்றன. எனவே அண்டை வீட்டாருடன் பேசுவதற்கு முன்பே காகிதங்களை எடுத்துப் பார்ப்பது நல்லது.

கிரயப் பத்திரத்தோடு நின்றுவிடாமல் தாய்ப் பத்திரம் வரை செல்லுங்கள். இரண்டு வீடுகளும் ஒரு காலத்தில் ஒரே குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்திருந்தால், பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் "இந்தச் சுவர் இருவருக்கும் பொது" என்றோ, "சுவர் நீங்கலாக" என்றோ ஒரு வரி இருக்கக்கூடும். பின்னால் எழுதப்பட்ட கிரயப் பத்திரங்களில் அந்த வரி பல நேரங்களில் விடுபட்டுப்போகிறது. சொத்து விவரத்தில் உள்ள நான்கெல்லையையும் அளவுகளையும் நகர நில அளவைப் பதிவேட்டுடனும் வரைபடத்துடனும் ஒப்பிடுங்கள். ஐயம் இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, அரசு நில அளவையரைக் கொண்டு அளக்கக் கேட்கலாம். எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை அளவை காட்டும். உரிமை யாருக்கு என்பதைத் தகராறு வந்தால் உரிமையியல் நீதிமன்றம்தான் முடிவு செய்யும்.

காகிதம் சொல்லாததைச் சுவரே சில நேரங்களில் சொல்லும். மெட்ராஸ் டெரஸ் கூரை (மரக்கட்டைகளின்மேல் செங்கல் அடுக்கிய தட்டைக் கூரை) உள்ள பழைய வீடுகளில் இரண்டு பக்கத்துத் தேக்குக் கட்டைகளும் ஒரே சுவரில் பதிந்திருந்தால், அது பொதுச்சுவர் என்பதற்கு வலுவான அடையாளம். ஒரு பக்கத்துக் கட்டைகள் மட்டுமே அதில் உட்கார்ந்து, மறுபக்கம் தனக்கெனத் தனிச் சுவர் வைத்திருந்தால் நிலைமை வேறு. இவற்றை ஒரு கட்டடப் பொறியாளரைக் கொண்டு பார்வையிட்டு, தேதியுடன் கூடிய படங்களோடு அறிக்கையாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுச்சுவர் எனும்போது நீதிமன்றங்கள் நான்கு நிலைகளைக் கருத்தில் கொள்கின்றன. சுவர் முழுவதும் இருவருக்கும் கூட்டாகச் சொந்தமாக இருக்கலாம். நீளவாக்கில் பாதிப் பாதியாக இருவருக்கும் தனித்தனியே சொந்தமாக இருக்கலாம். ஒருவருக்கே சொந்தமாக இருந்து மற்றவருக்குத் தாங்குரிமை, அதாவது அந்தச் சுவரின் தாங்கலைப் பெறும் உரிமை, மட்டும் இருக்கலாம். அல்லது பாதிப் பாதியாகச் சொந்தமாக இருந்து, ஒவ்வொரு பாதியும் மற்றதைத் தாங்க வேண்டிய கடப்பாட்டோடு இருக்கலாம். 1880இல் வந்த ஓர் ஆங்கிலத் தீர்ப்பின் இந்தப் பகுப்பை இந்திய நீதிமன்றங்களும் பின்பற்றி வருகின்றன. வேறு சான்று எதுவும் இல்லாமல், இரு தரப்பும் நெடுங்காலமாகச் சுவரைப் பயன்படுத்தி வந்திருந்தால், அது கூட்டுச் சொத்து என்றே பொதுவாக அனுமானிக்கப்படும்.

கூட்டுச் சொத்தான சுவரில் சாதாரணப் பயன்பாட்டுக்கு, அதாவது பூசுவதற்கும், வண்ணம் அடிப்பதற்கும், சுவரைப் பலவீனப்படுத்தாத பழுதுபார்ப்புக்கும், தடை இல்லை. ஆனால் அதன்மேல் தன்னிச்சையாக உயர்த்திக் கட்டுவது வேறு விஷயம். மற்றவரின் சம்மதமின்றி எழுப்பிய பகுதியை அகற்ற உத்தரவிடும் அளவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 19ஆம் நூற்றாண்டிலேயே சென்றிருக்கிறது. "மாநகராட்சி அனுமதி கொடுத்துவிட்டதே" என்பது இங்கே பதிலாகாது. கட்டட அனுமதி, விதிகளின்படி கட்டலாம் என்று மட்டுமே சொல்கிறது. அடுத்தவர் சொத்தின்மீது அது எந்த உரிமையையும் தருவதில்லை. பொதுச்சுவர்ச் சண்டைகளில் பாதியை இந்த ஒரு குழப்பமே வளர்க்கிறது என்பது என் எண்ணம்.

மிகக் கவனமாக இருக்க வேண்டிய கட்டம், ஒரு பக்க வீட்டை இடிக்கும் கட்டம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர், இரு புறமும் உள்ள கூரைகளும் குறுக்குச் சுவர்களும் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் நிமிர்ந்து நிற்கிறது. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால், மறுபக்கக் கட்டைகளின் பாரம் முழுவதும் பிடிப்பில்லாத சுவரின்மேல் இறங்குகிறது. போதாததற்கு, அதுவரை உள்சுவராக இருந்த முகம் மழைக்குத் திறந்துவிடப்படுகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஈரம் இறங்கி, கட்டையின் முனைகள் உளுத்துப்போக அதுவே போதும். பழுதடைந்த பொதுச்சுவரை உடனே திரும்பக் கட்டும் நோக்கத்தோடு இடிப்பதை நீதிமன்றங்கள் பொறுத்துக்கொண்டதுண்டு. இடித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவதற்கோ, இடத்தைத் தன் மனையோடு சேர்த்துக்கொள்வதற்கோ எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே பக்கத்து வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தவுடன், தற்காலிக முட்டு, மழைக்கு மூடாக்கு, விரிசல் விழுந்தால் சரிசெய்யும் பொறுப்பு, புதிய கட்டடத்துக்குத் தனித் தூண்களும் தனிச் சுவரும் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். வீட்டின் ஒவ்வோர் அறையையும், ஏற்கெனவே இருக்கும் விரிசல்கள் உட்பட, முன்கூட்டியே படமெடுத்து வையுங்கள். பழைய விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்தால், அது உடைவதைக் கொண்டு சுவர் நகர்கிறதா என்று அறியலாம்.

அடித்தளம் தோண்டுவதும் இதே வகை ஆபத்துதான். இயல்பு நிலையில் உள்ள உங்கள் மண்ணுக்குப் பக்கத்து மண் தாங்கலாக இருக்க வேண்டும் என்பது உங்கள் இயற்கை உரிமை. கட்டடத்தின் பாரத்துக்கான தாங்கல் தானாக வருவதில்லை. 20 ஆண்டுகள் இடையறாது அனுபவித்திருந்தால்தான் அது உரிமையாகிறது. சன்னல் வழியே வரும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் இதே 20 ஆண்டுக் கணக்குதான். அந்தக் காலம் வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்ததாகவும் இருக்க வேண்டும். தடை ஏற்பட்ட பிறகு சும்மா இருந்தால் உரிமை நழுவிவிடும் என்பது இதன் நடைமுறைப் பொருள்.

சுவர் முழுவதும் உங்கள் மனைக்குள் இருந்து, "ஒரு சீட் கூரையை உங்கள் சுவரில் சாய்த்துக்கொள்கிறேன்" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது உங்கள் அனுமதியின்பேரில் நடக்கிறது என்று ஒரு கடிதத்தில் இருவரும் கையெழுத்திட்டு வையுங்கள். அனுமதியின்பேரில் அனுபவிப்பது எத்தனை ஆண்டு ஆனாலும் வசதியுரிமையாக மாறாது. அதேவேளையில், அனுமதியை நம்பி அவர் நிரந்தரமான கட்டுமானம் செய்துவிட்டால், பிறகு அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்று வசதியுரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சொல்கிறது. எனவே கான்கிரீட் பீமைச் சுவரில் ஏற்றுவதற்குச் சம்மதிக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

இருவரும் உடன்பட்டு, சுவரின் உரிமையையோ பயன்பாட்டையோ மாற்றிக்கொண்டால், அந்த ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். முத்திரைத்தாளில் எழுதி வீட்டில் வைத்திருக்கும் உடன்படிக்கை, அசையாச் சொத்தில் உரிமையை உருவாக்கும் ஆவணமாக நீதிமன்றத்தில் ஏற்கப்படாது. வில்லங்கச் சான்றிதழிலும் அது தெரியாது.

உடன்பாடு ஏற்படவில்லையென்றால், வழக்கறிஞர் அறிவிப்பை ஒப்புகையுடன் அனுப்புங்கள். வேலை தொடங்கிவிட்டால் தாமதிக்காமல் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்டு மனு செய்து, கூடவே அட்வகேட் கமிஷனரை (நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞரை) அனுப்பி இடத்தின் நிலையைப் பதிவு செய்யவும் கோருங்கள். சுவர் இருந்ததற்கான அடையாளமே அழிந்துவிடக்கூடிய வழக்குகளில் கமிஷனர் அறிக்கைதான் பெரும் பலம். நீங்களே கட்டுபவராக இருந்து, எதிர்த் தரப்பு திடீரென்று தடை வாங்கிவிடுமோ என்று அஞ்சினால், முன்கூட்டியே கேவியட், அதாவது உங்களுக்குத் தெரிவிக்காமல் உத்தரவிடக் கூடாது என்ற மனு, தாக்கல் செய்யலாம். அது 90 நாட்களுக்குச் செல்லும். காவல் நிலையத்தில் பெரும்பாலும் "இது சிவில் விவகாரம்" என்ற பதிலே கிடைக்கும்; அத்துமீறி நுழைந்தோ வேண்டுமென்றே உடைத்தோ இருந்தால் மட்டும் அங்கே செல்லுங்கள். சுவர் விழும் நிலையில் இருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து, எழுத்திலும் கொடுங்கள். அண்டை வீட்டாரோடு தொடர்ந்து வாழ வேண்டியிருப்பதால், சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகவோ உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் இயங்கும் சமரச மையத்தின் வழியாகவோ பேசித் தீர்க்கும் வாய்ப்பையும் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அங்கே எட்டப்படும் உடன்பாட்டில் சுவரின் நீளம், உயரம், தடிமன், பழுதுச் செலவின் பங்கு ஆகிய நான்கும் வரைபடத்தோடு இடம்பெற வேண்டும்.