பழைய மடிக்கணினியை வீட்டின் கோப்புக் கிடங்காக மாற்றுதல்

பத்தாண்டு பழைய மடிக்கணினியில் இன்றைய இணைய உலாவி திணறக்கூடும். ஆனால் கோப்புகளைப் பெற்று வைத்து, கேட்கும்போது எடுத்துத் தரும் பணிக்கு அதன் திறன் தாராளமாகப் போதும். 64 பிட் செயலியும் 2 ஜிபி நினைவகமும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

முதலில் மின்கலத்தைப் பாருங்கள். தொடுதளம் மேலெழும்பியிருந்தாலோ அடிப்பகுதி புடைத்திருந்தாலோ மின்கலம் உப்பியிருக்கிறது என்று பொருள். அதை அகற்றாமல் இரவு பகலாக இயக்குவது தீ விபத்துக்கு இடமளிக்கும். நல்ல நிலையிலிருந்தால் அதுவே யுபிஎஸ் ஆகிவிடும். மடிக்கணினியின் யுஎஸ்பி துளையிலிருந்தே மின்சாரம் பெறும் 2.5 அங்குல வன்தட்டை இணைத்தால், மின்தடையின்போது அதுவும் சேர்ந்தே பிழைக்கும். தனி அடாப்டர் தேவைப்படும் பெரிய வன்தட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் மின்னேற்றத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.

வைஃபையைத் தவிர்த்து, ரவுட்டருடன் ஈதர்நெட் கம்பியால் இணைப்பதே முறை. வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் செயலியல்ல, துளைகள்தான். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் நொடிக்கு ஏறத்தாழ 11 எம்பி மட்டுமே செல்லும் என்பதால் 100 ஜிபி படங்களை நகலெடுக்க இரண்டரை மணி நேரம் ஆகும். கிகாபிட் இணைப்பில், வன்தட்டும் ஈடுகொடுத்தால், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வன்தட்டை யுஎஸ்பி 3.0 துளையில் செருகுங்கள், யுஎஸ்பி 2.0 துளை நொடிக்கு 40 எம்பியைத் தாண்டாது.

அடுத்து, கணினியைக் கோப்புக் கிடங்காக இயக்கும் இயங்குதளம் வேண்டும். டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஓப்பன்மீடியாவால்ட் அத்தகையது, இலவசமானது. நிறுவும்போது உள்வட்டு முழுவதும் அழிக்கப்படும் என்பதால் பழைய கோப்புகளை முன்னரே வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும். நிறுவியபின் திரையில் தோன்றும் ஐபி முகவரியை வேறொரு கணினியின் உலாவியில் இட்டு உள்நுழைந்து, முன்னரே அமைந்து வரும் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். அந்த முகவரி நாளை மாறிவிடாதிருக்க ரவுட்டரில் அதை இந்தக் கணினிக்கென ஒதுக்கி வையுங்கள்.

மூடியைச் சாத்தியதும் மடிக்கணினி உறங்கிவிடுவதுதான் பலரும் தடுக்கி விழும் இடம். மூடியைச் சாத்தினால் என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கும் சிஸ்டம்டி லாகின்ட் என்ற லினக்ஸ் சேவையின் அமைப்புக் கோப்பில் மூடி தொடர்பான வரியைப் 'புறக்கணி' என்ற பொருளுள்ள 'இக்னோர்' மதிப்புக்கு மாற்றி, கணினியை மறுதொடக்கம் செய்தால் இது தீரும். விசைப்பலகை வழியே வெப்பம் வெளியேறும் மாதிரிகளில் மூடியைச் சற்றுத் திறந்தே வைப்பது நல்லது.

சேமிப்பு வன்தட்டை எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் வடிவமைத்து, அதில் பகிர்வுக் கோப்புறையை உருவாக்கி, வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயர் கொடுத்து, வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி சேவையை இயக்குங்கள். எஸ்எம்பியின் முதல் பதிப்பை அனுமதிக்கவே வேண்டாம். 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை தீநிரல் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். ரவுட்டரில் எஸ்எம்பி பயன்படுத்தும் 445ஆம் போர்ட்டை (இணைப்பு வாயிலை) வெளியுலகுக்குத் திறப்பதும் கூடாது. வெளியிலிருந்து அணுக வேண்டுமானால் வயர்கார்டு போன்ற, மறையாக்கப்பட்ட தனி இணைப்பான விபிஎன் வழியே வரலாம்.

இந்தக் கிடங்கு காப்புநகல் ஆகிவிடாது. இங்கே ஒருவர் தவறுதலாக அழித்த கோப்பு எல்லோருக்கும் அழிந்ததுதான். ஆகவே வாரம் ஒருமுறை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியே இன்னொரு வன்தட்டில் நகலெடுத்து, அதைக் கழற்றி வையுங்கள். வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே அறிவிக்கும் ஸ்மார்ட் கண்காணிப்பையும் இயக்கி, பழுதான பகுதிகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கிய வாரமே வன்தட்டை மாற்றிவிடுங்கள்.