ஃபோல்ட்இட்: விக்கிள் பொத்தானை அழுத்தும் முன் இதைப் படியுங்கள்

புரதங்களை மடிக்கும் கணினி விளையாட்டான ஃபோல்ட்இட்டைப் பதிவிறக்கி, கணக்கு தொடங்கி, பயிற்சிப் புதிர்களை முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பயிற்சிப் புதிர்கள் சலிப்பாக இருந்தாலும் ஒன்றையும் தாண்டாதீர்கள். நான் பாதியைத் தாண்டிவிட்டு, பத்து நாள் விழித்தேன்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட விளையாட்டு இது. ஒரு புரதத்தின் அமினோ அமிலச் சங்கிலியைத் தருவார்கள். அதைச் சரியான வடிவத்துக்கு மடிக்க வேண்டும். ஆற்றல் குறையக் குறைய மதிப்பெண் ஏறும். குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோய் தரும் ஒரு வைரஸின் புரோட்டியேஸ் (புரதங்களை வெட்டும் நொதி) வடிவம் பத்தாண்டுக்கும் மேலாக ஆய்வாளர்களுக்குப் பிடிபடாமல் இருந்தது. வீரர்கள் மூன்றே வாரத்தில் உருவாக்கிய மாதிரிகளை வைத்துத்தான் அது தீர்ந்தது. முடிவு 2011இல் வெளியானது. அதைப் படித்துவிட்டுத்தான் நானும் உள்ளே குதித்தேன்.

முதலில் நிறம். பார்வை அமைப்பில் நீர்விலக்கும் தன்மையைக் காட்டும் நிற முறையைத் தேர்ந்தெடுங்கள். சங்கிலியிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பவை பக்கக்கிளைகள். ஆரஞ்சு நிறப் பக்கக்கிளைகளுக்குத் தண்ணீர் ஆகாது. அவை உள்ளே ஒளிய வேண்டும். நீலம் வெளியே இருக்கலாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஆரஞ்சும் நீங்கள் செய்ய வேண்டிய ஒரு வேலை.

அடுத்து கை. சங்கிலியில் சுருண்டிருக்கும் பகுதிகளையும் (சுருள்கள்) தட்டையாக நீண்டிருக்கும் பகுதிகளையும் (தகடுகள்) கையால் இழுத்து, ஒன்றுக்கொன்று பக்கத்தில் கொண்டுவாருங்கள். இரண்டு தகடுகள் சேர வேண்டுமென்றால் இடையில் நான்கைந்து பேண்ட் போடுங்கள். ரப்பர் பேண்ட் மாதிரியேதான்: விக்கிள் (புரதத்தைத் தானாக அசைத்து அசைத்து மதிப்பெண்ணை ஏற்றப் பார்க்கும் கருவி) ஓடும்போது இழுத்துப் பிடிக்கும். லேப்டாப்பின் டச்பேடில் இதைச் செய்யவே முடியாது. ஒரு சாதாரண மவுஸ் வாங்கிவிடுங்கள்.

இப்போதுதான் விக்கிள். நான் சறுக்கியது இங்கேதான். எடுத்த எடுப்பிலேயே விக்கிளை அழுத்தினேன். மதிப்பெண் குபுகுபுவென்று ஏறியது, ஒரே சந்தோஷம். அப்புறம் ஒரு இடத்தில் நின்றது. எத்தனை முறை அழுத்தினாலும் நகரவில்லை. சிக்கலான நூலை இழுக்க இழுக்க முடிச்சு இறுகுமே, அந்தக் கதைதான். விக்கிள் இப்போதிருக்கும் வடிவத்தைச் சுற்றி மட்டும் தேடும். தப்பான வடிவத்தைக் கொடுத்தால் அந்தத் தப்பையே மெருகேற்றித் தரும்.

இதிலிருந்து வெளியே வர ஒரு வழி, கிளாஷ் முக்கியத்துவம் என்கிற நகர்த்தி (ஸ்லைடர்). அணுக்கள் ஒன்றோடொன்று மோதினால் எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. வழக்கமாக 1இல் இருக்கும். 0.05 அளவுக்கு இறக்கிவிட்டு, சில நொடிகள் மட்டும் விக்கிள் ஓட்டி நிறுத்துங்கள். புரதம் அப்படியே உள்வாங்கும், திரை முழுக்கச் சிவப்பு முள்உருண்டைகள் முளைக்கும், மதிப்பெண் பாதாளத்துக்குப் போகும். பயப்பட வேண்டாம். நான் பயந்துபோய் நகர்த்தியை ஒரே தாவாக 1க்கு ஏற்றி விக்கிள் அழுத்தினேன். புரதம் பொரி வெடித்தது போலச் சிதறியது. மூன்று மணி நேர வேலை! படிப்படியாக ஏற்றுங்கள்: 0.3, 0.6, பிறகு 1. ஒவ்வொரு படியிலும் முதலில் ஷேக், பிறகு கொஞ்சம் விக்கிள். ஷேக் பக்கக்கிளைகளை மட்டும் திருப்பும், முதுகெலும்பை, அதாவது நடுச் சங்கிலியை, தொடாது. அதனால் மோதல்கள் சத்தமில்லாமல் குறைந்துவிடும்.

முடிவு பழையதைவிட மோசமாக இருந்தால் சிறந்த மதிப்பெண்ணுக்குத் திரும்பும் பொத்தான் இருக்கிறது. மனம் நோகாமல் அழுத்துங்கள்.

ரெசிபிகள் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். இந்த வேலைகளைத் தானாகச் செய்ய வீரர்கள் எழுதிப் பகிரும் சின்ன நிரல்கள் அவை. ‘ப்ளூ ஃபியூஸ்’ என்ற ரெசிபி, மேலே சொன்ன ஏற்ற இறக்க உத்தியைத்தான் செய்கிறது. விஞ்ஞானிகள் தனியாக உருவாக்கிக்கொண்டிருந்த ஒரு முறையும் கிட்டத்தட்ட அதுவேதான் என்று பின்னால் தெரியவந்தது. எனக்கு மிகவும் பிடித்த சமாச்சாரம் இது. இருந்தாலும் முதல் மாதம் ரெசிபி பக்கம் போகாதீர்கள் என்பேன். எது எதற்காக நடக்கிறது என்றே தெரியாமல் போய்விடும்.

பிற்சேர்க்கை 1: எல்லாம் செய்தும் மதிப்பெண் ஏறவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். இரண்டு பேரும் பேண்ட்களை எடுக்கவே இல்லை! கடைசி விக்கிளுக்கு முன் எல்லாப் பேண்ட்களையும் நீக்குங்கள், இல்லையென்றால் அவை இழுத்துக்கொண்டே இருக்கும். இதைப் பதிவிலேயே சொல்லாதது என் தப்பு.

பிற்சேர்க்கை 2: ராத்திரி முழுக்க விக்கிள் ஓடவிட்டு, லேப்டாப் தோசைக்கல்லாகிவிட்டது என்கிறார் இன்னொருவர். மதிப்பெண் அரை நிமிடமாக அசையவில்லை என்றால் நிறுத்திவிட்டுக் கையால் வேறு இடத்தை இழுத்துப் பாருங்கள். அப்படியும் ஓடவிடத்தான் வேண்டும் என்றால் மெத்தை மேல் வைக்காதீர்கள்.