அமெரிக்க கோர்ட் சம்மன் வந்தால் செய்யக் கூடாதவை

குடும்ப நல நீதிமன்ற வராண்டாவில் ஒரு இளம் வக்கீல், பெண்ணைப் பெற்ற ஒருவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். "அமெரிக்கா டைவர்ஸ் இங்க செல்லாது சார். கவரைத் தூக்கி ஓரமா வைங்க." தொழிலுக்கு வந்த புதிதில் நானும் சொன்ன பதில்தான் இது. அதை இன்னமும் கேட்கும்போது எரிச்சலாக வருகிறது. எத்தனை பெண்களின் வாழ்க்கை இந்த ஒரு வரியால் முடங்கியிருக்கிறது என்று பார்த்தவள் நான்.

நகைப் பட்டியல் எழுதி வை, வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

'இங்கே செல்லாது' என்று சம்மனைக் கிடப்பில் போடுவது

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பது தெரியும். 1991-ல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு விதி வகுத்தது. இந்து முறைப்படி இங்கே திருமணம் செய்தவர்களுக்கு, இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்தைக் காட்டி வெளிநாட்டு நீதிமன்றம் கொடுக்கும் விவாகரத்து, எதிர்த்தரப்பு அதற்குச் சம்மதிக்காதவரை, இங்கே செல்லாது. அங்கே வழக்கமாகக் காட்டும் 'ஒத்துப்போகவில்லை' என்பது மட்டும் நம் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணம் ஆகாது. ஆக, ஜூனியர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கிறது.

கரூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர். தங்கை கல்யாணத்துக்கு இரண்டு வயதுப் பையனோடு வந்தார். பையன் நியூஜெர்சியில் பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். "கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இரு" என்ற கணவர், திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். நான்காம் மாதம் கூரியரில் கவர் வந்தது. உள்ளூர் வக்கீல் வழக்கமான பதிலைச் சொன்னார். கவர் பீரோவுக்குள், பட்டுப் புடவைகளுக்கு அடியில் போய்விட்டது. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து என்னிடம் வந்தபோது அதில் பாச்சை உருண்டை வாசனை அடித்தது. 35 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. "செல்லாதுன்னாங்களேம்மா" என்றார் அவருடைய அப்பா. கையில் இன்னொரு தாளும் இருந்தது: ஒருதலைப்பட்சமாக விவாகரத்து, பையனின் பொறுப்பு முழுவதும் தகப்பனுக்கு.

அவர் இழந்ததைப் பாருங்கள். கணவரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்து மனைவிக்குக் கிடைத்திருந்த எச்-4 விசா விவாகரத்தோடு போய்விட்டது. இங்கே அவர் இன்னும் மனைவி. அங்கே கணவர் மறுமணம் செய்துகொள்ளலாம். கணவர் கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர் என்றால் இன்னொரு ஆபத்து: அடி உதைக்கு ஆளான மனைவி தானாகவே கிரீன் கார்டுக்கு மனு போட அமெரிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது, ஆனால் விவாகரத்தான பிறகு 2 வருடம்தான் கெடு. 'செல்லாத' விவாகரத்து என்று இங்கே உட்கார்ந்திருக்கும்போதே அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

குழந்தை விஷயம் இதைவிட மோசம். வழக்குப் போடுவதற்கு முந்தைய 6 மாதம் குழந்தை எங்கே வாழ்ந்ததோ அந்த இடத்து நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்பது அமெரிக்காவில் அநேகமாக எல்லா மாநிலங்களிலும் உள்ள சட்டம். பிள்ளை கிளம்பி 6 மாதம் ஆவதற்குள் அங்கேயே இருக்கும் தகப்பன் மனு போட்டால் அந்த மாநிலத்துக்கு அதிகாரம் தொடரும். தாண்டிவிட்டால், இந்தியாதான் குழந்தையின் வீடு என்று வாதாட இடம் கிடைக்கும். நான்காம் மாதம் கவர் வந்தது தற்செயல் இல்லை.

அதற்கும் மேலே ஒன்று. அமெரிக்க நீதிமன்றம் ஒருவரிடம் ஒப்படைத்த அமெரிக்கக் குடிமகனான குழந்தையை இன்னொருவர் வெளிநாட்டில் வைத்துக்கொண்டால், பிள்ளையை ஒப்படைக்கும்வரை அவருக்கு அமெரிக்க விசா கிடையாது. குழந்தைக் கடத்தல் பற்றிய 1980-ம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாட்டில் குழந்தை இருந்தால் விலக்கு உண்டு. இந்தியா அதில் சேரவில்லை. இங்கே உயர் நீதிமன்றத்தில் தகப்பன் ஆட்கொணர்வு மனு போட்டால், குழந்தையின் நலனே பெரிது, வெளிநாட்டு உத்தரவு அதில் ஒரு அம்சம் மட்டுமே என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அதே நலனைக் காட்டி 2019-லும் 2022-லும் குழந்தைகளை அமெரிக்காவுக்கு அனுப்பச் சொன்னதும் அதே உச்ச நீதிமன்றம்தான்.

அதனால், கவர் வந்த வாரமே அந்த மாநிலத்தில் ஒரு வக்கீலைப் பிடியுங்கள். எடுத்ததும் விரிவான பதில் மனு போட்டுவிடாதீர்கள். அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை நீங்களே ஏற்றுக்கொண்டதாகிவிடலாம். அதிகாரம் இல்லை என்று மட்டும் முதலில் ஆட்சேபிக்க முடியுமா என்று கேளுங்கள். கூடவே இங்கும் மனு போடுங்கள். இந்து திருமணச் சட்டம் 19-ம் பிரிவின்படி, மனைவி தான் இருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். புகுந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

கோர்ட்டுக்குப் போகாமல் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய விவாகரத்துப் பத்திரம்

செல்லாது. உங்கள் சமூகத்தில் இப்படிப் பிரியும் வழக்கம் தொன்றுதொட்டு உண்டு என்று நீதிமன்றத்தில் நிரூபித்தால் ஒழிய.

'5 வயதுக்குள் என்றால் குழந்தை அம்மாவுக்குத்தான்' என்று நம்புவது

இந்துக் குழந்தைகளின் காப்பாளர் பற்றிய 1956-ம் ஆண்டுச் சட்டம் 'சாதாரணமாக' அம்மாவிடம் என்றுதான் சொல்கிறது, கட்டாயம் என்று சொல்லவில்லை.

பரஸ்பர சம்மத மனுவில் பாஸ்போர்ட்டை மறப்பது

சீர்வரிசைப் பாத்திரம்வரை எழுதுவார்கள், குழந்தையின் பாஸ்போர்ட் யார் கையில் என்று எழுத மாட்டார்கள். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அமெரிக்க பாஸ்போர்ட் எடுக்கப் பொதுவாக இரண்டு பெற்றோரின் சம்மதமும் வேண்டும். விவாகரத்தான பின் அந்தக் கையெழுத்துக்காக முன்னாள் கணவரிடம் கெஞ்சுவது கொடுமை. பாஸ்போர்ட்டை யார் வைத்திருப்பது, புதுப்பிக்க எத்தனை நாளில் கையெழுத்துப் போடுவது, விடுமுறைக்கு அழைத்துப்போனால் திரும்பும் தேதி என்ன, எல்லாவற்றையும் மனுவிலேயே எழுதுங்கள்.

வருமானத்தை மறைப்பது

2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். டாலர் சம்பளமும் அதில் அடக்கம்.

வக்கீலிடம் சம்மனை மட்டும் எடுத்துப்போவது

கூரியர் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே இருந்த தாளோடு வருகிறார்கள். பதில் தரும் கெடு சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படும், அதற்கு அந்த உறைதான் சாட்சி. குழந்தை வந்திறங்கிய விமான டிக்கெட், இங்கே போட்ட தடுப்பூசி அட்டை, ப்ளே ஸ்கூல் ரசீது ஆகியவற்றையும் கொண்டுபோங்கள். 6 மாதக் கணக்கை அவற்றை வைத்துத்தான் போட முடியும்.