பிள்ளைகளும் ஷிப்ட் வேலையும் உள்ள வீட்டில் ஓடத் தொடங்குவது எப்படி? பினாங்கிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

சூரியன் உதிக்கும் வேளையில் ஓடி முடித்துவிட்டுப் பிறகு வீட்டு வேலையைப் பாருங்கள் என்று பல ஓட்டப் பயிற்சிக் குறிப்புகள் சொல்கின்றன. பினாங்கில் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீட்டில் அது நடக்காது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டதால், இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில்தான் உதிக்கிறது. அந்த நேரத்தில் நாம் பிள்ளைகளுக்குப் பசியாறக் கொடுத்து, பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, வேலைக்குப் போகும் நெரிசலில் நின்றுகொண்டிருப்போம். ஆனால் அதே மாற்றத்தால் மாலையில் ஏழு மணி வரையிலும், சில மாதங்களில் ஏழரை தாண்டியும் வெளிச்சம் இருக்கிறது. நம்முடைய பயிற்சியை அந்த மாலையை வைத்தே அமைத்துக்கொள்ள வேண்டும்.

நான் ஜோர்ஜ்டவுனில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என் கணவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட். பகலும் இரவும் மாறி மாறி வரும். மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள், மகன் பாலர் பள்ளிக்குப் போகிறான். கணவரின் தாயார் எங்களோடு இருக்கிறார். முப்பத்தெட்டாவது வயதில்தான் நான் ஓடத் தொடங்கினேன். இதுவரை ஓடியே பழகாத, இப்படியொரு வீட்டில் இருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ உதவும் என்று இதை எழுதுகிறேன். ஓட்டம் சாலையில் தொடங்குவதற்கு முன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடங்க வேண்டும் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். ஆகவே முதலிரண்டு படிகளிலும் காலணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முதற்படி: ஒரு வாரத்தை அப்படியே எழுதுங்கள்

ஒரு பெரிய தாளில் ஏழு நாள்களையும் கோடிட்டு, அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். ஓட்டத்தைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். இருவருடைய வேலை நேரம், பிள்ளைகளின் பள்ளி, பிரத்தியேக வகுப்பு, வெள்ளிக்கிழமைக் கோயில், பெரியவர்களை மருந்தகத்திற்கு அழைத்துப் போவது, துணி துவைப்பது, மறுநாள் சமையலுக்குக் காய்கறி நறுக்கி வைப்பது என எல்லாவற்றையும், அதைச் செய்பவரின் பெயரோடு எழுதுங்கள். ஒரு வாரம் முழுவதும் எழுதிய பிறகுதான், யாருடைய கையில் எத்தனை வேலை இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். என் கணவர் அந்தத் தாளின் முன் வெகுநேரம் நின்றார். இரவு ஷிப்ட் முடிந்து வந்து அவர் தூங்கும் நேரத்தை நான் "ஓய்வு" என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "தூக்கம்" என்று மாற்றினார். அவர் செய்தது சரி. மற்றவர்கள் இரவில் தூங்குவதை நாம் ஓய்வு என்று கணக்கெழுதுவதில்லை.

அந்தத் தாளில்தான் நேரம் கண்ணில் படும். மகள் செவ்வாய், வியாழன் மாலைகளில் பரதநாட்டிய வகுப்பில் இருக்கும் ஒரு மணி நேரமும் நான் காரில் உட்கார்ந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை எழுதிப் பார்த்த பிறகே உணர்ந்தேன். வீட்டில் யாரிடமும் கடன் வாங்காமல் கிடைத்த இரண்டு மணி நேரம் அது. உங்கள் வாரத்திலும் இப்படி ஒன்று ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

இரண்டாம் படி: கேளுங்கள், எடுத்துக்கொள்ளாதீர்கள்

இந்தப் படியைத் தவறவிட்டுத்தான் நான் வருந்தினேன். எங்கள் வீடு கெலுகோரில், அடுக்குமாடியில் இருக்கிறது. 1985இல் திறக்கப்பட்ட, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தின் விளக்குகள் எங்கள் சன்னலிலிருந்து தெரியும். பினாங்குப் பாலப் பன்னாட்டு மாரத்தானில் 10 கிலோமீட்டர் பிரிவும் உண்டு என்று அறிந்ததும், வீட்டில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இணையத்தில் பதிந்து, கட்டணமும் கட்டிவிட்டேன். விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டிய அந்த நாளில் என் கணவருக்கு இரவு ஷிப்ட் இருந்தது. அத்தையோ ஈப்போவில் ஒரு திருமணத்திற்குப் போவதாக முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லாததால் நான் ஓடவில்லை. அன்று கணவர் கோபப்படாமல் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: "நீ ஓடுறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா என்னைக் கேக்காமலே என்னோட நாள எடுத்துக்கிட்டியே."

ஆகவே கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். "எனக்கும் கொஞ்சம் நேரம் வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் அது குறையாகத்தான் காதில் விழும். கேட்பவருக்கும் என்ன பதில் சொல்வதென்று தெரியாது. எந்த நாள், எத்தனை மணிக்குப் புறப்பட்டு எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அந்த நேரத்தில் பிள்ளைகள் யாரோடு இருப்பார்கள், இரவுச் சாப்பாட்டுக்குப் பொறுப்பு யார் என்ற நான்கையும் சொல்லுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்திற்கு 75 முதல் 150 நிமிடம் வரை தீவிரமான உடற்பயிற்சியோ, 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சியோ போதும். அரை மணி நேரமாக மூன்று முறை ஓடினால் 90 நிமிடம் ஆகிவிடுகிறது. தொடக்கத்தில் அதற்கு மேல் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

நேரத்தைக் கணக்கிடும்போது வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவு வரை கணக்கிடுங்கள். கெலுகோரிலிருந்து மாலை நெரிசலில் தாவரவியல் பூங்காவுக்குப் போய்த் திரும்பினால், அரை மணி நேர ஓட்டத்திற்கு ஒன்றரை மணி நேரம் செலவாகும். அரை மணி என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணி கழித்துத் திரும்புவது, வீட்டில் காத்திருப்பவருக்குச் சொன்ன சொல் தவறியதாகத்தான் இருக்கும். வார நாள்களில் குடியிருப்பைச் சுற்றி ஓடுங்கள். தொலைவில் உள்ள இடங்களை வார இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, துணைவருக்கும் அதே தாளில் நேரம் ஒதுக்குங்கள். என் கணவருக்கு மீன் பிடிப்பதில் விருப்பம். பத்து மாவுங் பக்கம் போய்த் தூண்டிலோடு உட்கார்ந்தால் அவர் முகமே மாறிவிடும். மகன் பிறந்த பிறகு அதை அவர் விட்டுவிட்டதை நான் கவனிக்கவே இல்லை. இப்போது விடுப்பு நாளில் அவருக்கு மூன்று மணி நேரம் எழுதப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் அவரைத் தொலைபேசியில் அழைத்து எதையும் வாங்கிவரச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

மூன்றாம் படி: உடலையும் உடையையும் பார்த்துக்கொள்ளுங்கள்

நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குறிப்பாக இன்சுலின் போடுபவர்களுக்கு ஓட்டத்தின்போதோ பிறகோ சர்க்கரை அளவு சட்டென்று இறங்கலாம். பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகாத தாய்மார்கள் நடையோடு நிறுத்திக்கொள்ளட்டும். காலணியை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து, விரல் நுனிக்கு முன் ஒரு கட்டைவிரல் அளவு இடம் இருக்குமாறு வாங்குங்கள். பெண்களுக்கு விளையாட்டுக்குரிய உள்ளாடை காலணிக்கு நிகரான தேவை. இருட்டிய பின் ஓடினால் வெளிர்நிறச் சட்டையும், ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டையும் வேண்டும்.

"இருட்டுன பிறகு பொம்பளப் பிள்ள ரோட்டுல ஓடுறதா?" என்று அத்தை கேட்டார். அவருடைய கவலை வழிப்பறியைப் பற்றியது என்பதால் நான் மறுத்துப் பேசவில்லை. வளையலையும் சங்கிலியையும் கழற்றி வைத்தேன். தாலியைக் கழற்ற அவர் மனம் ஒப்பாததால், மஞ்சள் கயிற்றில் கோத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். எந்த வழியாக ஓடுகிறேன் என்பதை முன்பே சொல்லி, நான் இருக்கும் இடத்தைக் கைத்தொலைபேசியில் அவர் பார்க்கும்படியும் செய்தேன்.

நான்காம் படி: எட்டு வாரப் பயிற்சி

வாரத்திற்கு மூன்று நாள். இரண்டு ஓட்ட நாள்களுக்கு நடுவே ஒரு நாளாவது இடைவெளி. ஒவ்வொரு முறையும் முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் நடை மட்டுமே.

வாரம் 1, 2: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை; 7 முறை.
வாரம் 3, 4: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 5 முறை.
வாரம் 5, 6: 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 5 முறை.
வாரம் 7: 5 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 3 முறை.
வாரம் 8: 10 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, மீண்டும் 10 நிமிடம் ஓட்டம்.

வேகம்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறும் இடம். மூச்சுத் திணறுவதே ஓட்டம் என்று நினைத்து முதல் நாளிலேயே விரைந்து ஓடி, மூன்றாம் நாள் முழங்கால் வலியோடு விட்டுவிடுகிறார்கள். இருவர் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகமே தொடக்க வேகம். நான் தனியாக ஓடும்போது ஏழாம் வாய்பாட்டைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். இரண்டு வரியை ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால் வேகத்தைக் குறைத்துவிடுவேன். மகள் மிதிவண்டியில் கூட வரும் நாள்களில் ஒரு வரி அவளும் ஒரு வரி நானுமாகச் சொல்கிறோம்; அவளுக்கு வாய்பாடு மனப்பாடமானது அந்தச் சாலையில்தான்.

நம் ஊரில் வெப்பத்தோடு ஈரப்பதமும் மிகுதி. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழிந்தோடுமே தவிர, உடலைக் குளிர்விக்காது. ஆகையால் குளிர்நாட்டில் ஓடுபவர்களின் வேகத்தோடு உங்கள் வேகத்தை ஒப்பிடாதீர்கள். தலைசுற்றல், குமட்டல், வெயிலிலும் உடல் சிலிர்ப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி, நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே ஓட வேண்டாம்.

எந்த வாரம் கடினமாக இருக்கிறதோ அந்த வாரத்தை மறுபடி செய்யுங்கள். எட்டு வாரம் பன்னிரண்டு வாரமானால் ஒன்றும் குறைந்துவிடாது. எனக்கு அது பதினான்கு வாரம் ஆனது.

ஐந்தாம் படி: வார இறுதி ஓட்டத்தைக் குடும்பத்தோடு சேருங்கள்

மூன்று ஓட்டங்களில் ஒன்றையாவது எல்லோரும் சேர்ந்து போகும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இளைஞர் பூங்காவில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ஒருவர் இருக்க, மற்றவர் ஓடலாம்; பிறகு மாறிக்கொள்ளலாம். 1884இல் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்கா அதற்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே குரங்குகள் உண்டு என்பதால் நெகிழிப் பையில் தின்பண்டம் கொண்டுபோக வேண்டாம். சமதளம் வேண்டுபவர்களுக்குக் கர்ப்பால் சிங் கடலோரச் சாலை நல்லது. ஆயர் ஈத்தாம் அணைக்கு ஏறும் சாலை செங்குத்தானது. முதல் ஆண்டில் அதைத் தொட வேண்டாம். தைப்பூச வாரத்தில் தண்ணீர்மலைப் பக்கம் ஓட இடமே இருக்காது. வெறுங்காலோடு ரதத்தின் பின்னே நடந்து, ஐநூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி முருகனைக் கும்பிட்டு வந்தால், அந்த வாரத்திற்குக் காலுக்கு அதுவே போதும்.

சிறு பிள்ளையை விட்டுப் போகும்போது மனம் அடித்துக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் என் மகன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் தூங்கும்போது நழுவிப் போய்ப் பார்த்தேன். விழித்து என்னைக் காணாமல் இன்னும் அதிகமாக அழுதிருக்கிறான். பிறகு, சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "பெரிய முள் ஆறுக்கு வந்ததும் அம்மா கதவைத் தட்டுவேன்" என்று சொல்லிவிட்டுப் போகத் தொடங்கினேன். அந்த நேரத்தைத் தவறவிடக் கூடாது. ஓட்டம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, சொன்ன நேரத்திற்குக் கதவைத் தட்ட வேண்டும். மூன்றாம் வாரத்தில் அவன் கடிகாரத்தின் கீழே விளையாடிக்கொண்டே காத்திருந்தான்.

ஆறாம் படி: தடைபட்டால்

காய்ச்சல் வரும், ஷிப்ட் மாறும், தீபாவளிக்குப் பலகாரம் சுட வேண்டியிருக்கும். தவறிய ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிக் குடும்ப நேரத்தில் நுழைக்காதீர்கள். அது போனது போனதாகவே இருக்கட்டும். ஒரு வாரம் தவறினால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு வாரம் தவறினால் அட்டவணையில் இரண்டு வாரம் பின்னே போங்கள். முந்தைய இரவு ஆறு மணி நேரம்கூடத் தூங்காதவர்கள் அன்று ஓடுவதைவிடத் தூங்குவது மேல்.

மாதம் ஒரு முறை, பிள்ளைகள் தூங்கிய பின் இருவரும் தாளை எடுத்து வைத்துப் பேசுங்கள். யாருக்கு எது பாரமாக இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். எங்களுடைய இரண்டாவது பேச்சின்போதுதான், நான் ஓடிவிட்டு வந்து குளித்து உடனே தூங்கிவிடுவதால் இருவரும் பேசுவதே குறைந்துவிட்டது என்று அவர் சொன்னார். அதன் பிறகு ஒரு மாலை ஓட்டத்தை எடுத்துவிட்டு, அத்தையிடம் பிள்ளைகளை விட்டு இருவரும் கடலோரமாக நாற்பது நிமிடம் நடக்கிறோம். அதனால் என் வேகம் கூடவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

ஏழாம் படி: போட்டிக்குப் பதிவதற்கு முன்

எட்டாம் வாரத்தை முடித்தவர்கள் 5 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டணம் கட்டும் முன் மூன்றைப் பாருங்கள்: அந்த நாளில் துணைவரின் ஷிப்ட் என்ன, பிள்ளைகளோடு யார் இருப்பார்கள், போட்டியில் சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை வாங்க எந்த நாளில் யார் போவது. அடுத்த ஆண்டு பாலத்து ஓட்டத்திற்குப் பதிவு தொடங்கியபோது நான் கைத்தொலைபேசியை மேசையில் வைத்து, அவருடைய ஷிப்ட் அட்டவணையையும் பக்கத்தில் வைத்தேன். அவர் விரலால் தேதியைத் தேடிப் பிடித்து, "அன்னிக்கு எனக்கு லீவுதான். பிள்ளைங்கள நான் பாலத்துக்கிட்ட கூட்டிட்டு வரேன், நீ பதிஞ்சிடு" என்றார்.