இரண்டு பிஎம்பி280 சென்சாரால் அறைக்குள் அழுத்த, வெப்பநிலைச் சரிவை அளக்கலாம்

ஒரு மீட்டர் மேலே போனால் காற்றழுத்தம் எவ்வளவு குறையும்? கடல்மட்டத்துக்குப் பக்கத்தில், 30 டிகிரி வெயிலில், சுமார் 11.5 பாஸ்கல். ஆனால் காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளக்கும் பிஎம்பி280 சென்சார் தனியாகக் காட்டும் அளவில் 100 பாஸ்கல் வரை பிழை இருக்கலாம். அந்தப் பிழை சட்டென்று மாறாது. முதலிலேயே கழித்துவிட்டால் 2 மீட்டருக்கான 23 பாஸ்கலைப் பிடித்துவிடலாம்.

தேவை: ஈஎஸ்பி32 (ரீடிங்கைப் படிக்கும் சின்னக் கணினி) போர்டு 1, பிஎம்பி280 மாட்யூல் 2, நான்கு இழை வயர் இரண்டரை மீட்டர், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் 2, 2 மீட்டர் பிவிசி பைப்.

படி 1: வயரிங். மின்சாரம் வாங்கும் விசிசி பின்னை 3.3 வோல்ட்டுக்குக் கொடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால், ரெகுலேட்டர் இல்லாத மாட்யூல் போய்விடும். தகவல் போகும் எஸ்டிஏ ஈஎஸ்பி32இன் பின் 21க்கு, தாளம் கொடுக்கும் எஸ்சிஎல் பின் 22க்கு. ஒரு மாட்யூலின் எஸ்டிஓவை (முகவரியைத் தீர்மானிக்கும் பின்) கிரவுண்டுக்கும், மற்றதை 3.3 வோல்ட்டுக்கும் கொடுங்கள். அப்போதுதான் முகவரிகள் ஹெக்ஸ் 76, 77 என்று பிரியும். முகவரிகளைத் தேடிக் காட்டும் ஸ்கேனர் புரோகிராமில் ஒன்றுதான் தெரிகிறதா? பெரும்பாலும் இதை மறந்திருப்பீர்கள்.

படி 2: நீள வயரில் சிக்னல் மெதுவாக ஏறும், ரீடிங் விட்டுவிட்டு வரும். எஸ்டிஏ, எஸ்சிஎல் ஒவ்வொன்றுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையில் ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கட்டி, வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள்.

படி 3: இதைத் தாண்டிப் போகாதீர்கள். இரண்டு சென்சாரையும் ஒரே உயரத்தில் ஒட்டி வைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு நூறு ரீடிங் எடுத்து, ஒவ்வொன்றிலும், பிறகு கீழே வைக்கப்போகும் சென்சாரின் அளவிலிருந்து மேலே வைக்கப்போவதன் அளவைக் கழித்துச் சராசரி காணுங்கள். இந்தச் சராசரி வித்தியாசம்தான் ஆஃப்செட்: அழுத்தத்துக்கு ஒன்று, வெப்பநிலைக்கு ஒன்று. சென்சார் அமைப்பில் ஓவர்சாம்ப்ளிங் (பலமுறை அளந்து சராசரி எடுப்பது) 16, ஃபில்டர் (திடீர் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) 16 என்று வைத்தால் இரைச்சல் ஒரு பாஸ்கலுக்குள் அடங்கும்.

படி 4: பைப்பின் இரு முனையிலும் ஒவ்வொன்றைக் கட்டி நிமிர்த்துங்கள். புதிய வித்தியாசத்திலிருந்து ஆஃப்செட்டைக் கழித்து 2 ஆல் வகுத்தால், மீட்டருக்கு எத்தனை பாஸ்கல், எத்தனை டிகிரி என்பது கிடைக்கும்.

ஃபேனை அணையுங்கள். நொடிக்கு 3 மீட்டர் வேகக் காற்று நேராக மோதினாலே 5 பாஸ்கல் கூடிவிடும். 23இல் அது சின்னதல்ல. சென்சாரின் மூடியிலுள்ள பொடித் துளையில் பசை படக்கூடாது, வெயிலும் நேரே விழக்கூடாது. ஈஎஸ்பி32 சூடாகும், கீழ் சென்சாருக்குப் பக்கத்திலேயே அதை ஒட்டினால், தரைதான் கூரையைவிடச் சூடு என்று காட்டும்.