கேம்பர் வேனில் கயாக்கும் சர்ஃப் போர்டும்: கூரையில் ஏற்றிக் கட்டும் முறை

கார் கூரையில் கயாக் என்னும் துடுப்புப் படகைக் கட்டுவதற்கான விளக்கங்களைப் படித்துவிட்டு, உள்ளேயே படுத்துறங்கும் வசதியுள்ள கேம்பர் வேனின் பக்கத்தில் போய் நின்றால், இரண்டு வேறுபாடுகள் உடனே தெரியும். கார் கூரை தோளளவு உயரத்தில் இருக்கிறது. வேனின் கூரையோ, வகையைப் பொறுத்து, தரையிலிருந்து ஏறத்தாழ 2 முதல் 2.8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலும் கார் கூரை வெற்றிடம். கேம்பர் வேனின் கூரையில் சோலார் பேனல், காற்றுப்போக்கி, வெயில்மறைப்பு, சில வேன்களில் மேலே உயரும் கூரை என்று பலவும் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும். ஆகவே இந்த வேலை கயாக்கைத் தூக்குவதில் தொடங்குவதில்லை. கூரையில் எதற்கு எவ்வளவு இடமும் எடையும் மிச்சம் இருக்கிறது என்று கணக்கிடுவதில் தொடங்குகிறது.

படி 1: எடைக் கணக்கு

வாகனக் கையேட்டில் கூரை தாங்கக்கூடிய உச்ச எடை குறிக்கப்பட்டிருக்கும். அது வண்டி ஓடும்போது தாங்கும் எடை என்பதையும், கூரைமேல் உள்ள அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும் என்பதையும் புதியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டு: கையேடு 100 கிலோ என்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறுக்குக் கம்பிகளும் அவற்றின் கால்களும் 12 கிலோ, கயாக்கைத் தாங்கும் கொக்கிகள் 6 கிலோ, சோலார் பேனலும் சட்டமும் 14 கிலோ என்றால், மீதி 68 கிலோதான். ஒருவர் அமரும் பிளாஸ்டிக் கயாக் ஒன்று 20 முதல் 30 கிலோ வரை இருக்கும். 26 கிலோ எடையுள்ள இரண்டை ஏற்றினால் 52 போய்விடும். எஞ்சிய 16 கிலோவில், 3 கிலோ எடையுள்ள குட்டை சர்ஃப் பலகை ஒன்றும் 7 கிலோ எடையுள்ள நீள சர்ஃப் பலகை ஒன்றும் வைக்கலாம். அதற்குமேல் ஈரத்துணி மூட்டையைக்கூட மேலே போடாமல் இருப்பது நல்லது.

குறுக்குக் கம்பிகளுக்கும் தனியே ஓர் உச்ச எடை உண்டு. கூரையின் அளவு, கம்பியின் அளவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே உங்களுக்கான அளவு. உயரும் கூரை உள்ள வேன்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அந்தக் கூரைகள் பெரும்பாலும் குறைந்த எடையையே தாங்கும். சுமையோடு கூரையை உயர்த்த முயன்றால் கீல்களும் வாயுத் தண்டுகளும் பழுதாகும். இரவில் கூரையை உயர்த்தித்தான் தூங்குவீர்கள் என்றால், ஒவ்வொரு மாலையும் கயாக்கை இறக்க வேண்டும் என்பதை இப்போதே மனத்தில் கொள்ளுங்கள்.

படி 2: கூரையைக் கோடு போட்டுப் பிரித்தல்

ஒரு தாளில் கூரையின் நீள அகலத்தை வரைந்து, எது எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். சோலார் பேனலின் ஒரு மூலையில் மட்டும் கயாக்கின் நிழல் விழுந்தாலும், நிழல்பட்ட பரப்பைவிட மிக அதிகமான விகிதத்தில் மின் உற்பத்தி குறையக்கூடும். செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதே காரணம். வெப்பமூட்டியின் புகைக்குழாய் கூரையில் இருந்தால் அதன்மேல் எதுவும் வரக்கூடாது.

காற்றுப்போக்கியின் மூடி எந்தப் பக்கமாக, எவ்வளவு உயரம் திறக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். இதை நான் அளக்கவில்லை. ஒருநாள் காலையில் காபி போடுவதற்குமுன் வழக்கம்போல் உள்ளிருந்து மூடியைத் தள்ளியபோது, மேலே இருந்த கயாக்கின் அடிப்பகுதியில் அது முட்டி, பாதிக்கு விரிசல் விட்டது. அன்று மாலையே மழையும் வந்தது.

தட்டையாக வைத்தால் மேல் அமரும் வகைக் கயாக் ஒன்றுக்கு 70 முதல் 80 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். பக்கவாட்டில் சாய்த்து நிறுத்தும் ஆங்கில 'ஜே' எழுத்து வடிவக் கொக்கிகளில் அந்த இடம் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். பிளாஸ்டிக் கயாக்குக்குச் சாய்த்து வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: வெயிலில் இளகும் அடிப்பகுதி பட்டையின் அழுத்தத்தில் குழிவது குறைவு, ஏனெனில் விளிம்புப் பகுதிதான் கயாக்கில் உறுதியானது. கம்பிகள் இரண்டுக்கும் இடையே இயன்ற அளவு தூரம் விடுங்கள். நெருக்கமாக இருந்தால் நீளமான கயாக்கின் முனைகள் காற்றில் சீசா பலகைபோல் மேலும் கீழும் ஆடும்.

படி 3: மேலே ஏற்றுதல்

இருக்கை, துடுப்பு, கழற்றக்கூடிய மூடிகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, உள்ளே தேங்கிய நீரையும் வடித்துவிடுங்கள். 10 லிட்டர் நீர் என்பது 10 கிலோ.

தலைக்குமேல் தூக்கி வைக்க முயல வேண்டாம். கயாக்கை வேனின் பின்புறத்தில் நேர்க்கோட்டில் தரையில் கிடத்தி, முன்முனையை மட்டும் தூக்கிப் பின் கம்பியில் சாய்த்தபிறகு, பின்முனையைத் தூக்கி முன்னே தள்ளினால், ஒரு நேரத்தில் பாதி எடையை மட்டுமே கை தாங்குகிறது. பின் விளிம்பில் ஓர் உருளை பொருத்தினால் வண்ணப்பூச்சும் தப்பும், வேலையும் எளிதாகும். உயரக் கூரை வேன்களுக்கு அகலப் படிகள் கொண்ட மடக்கு ஏணி ஒன்று கட்டாயம் வேண்டும்; திறந்த கதவின் விளிம்பிலோ சக்கரத்தின் மீதோ ஏறி நின்று சமாளிப்பது ஆபத்தானது. பலத்த காற்று வீசும்போது ஒருவராக ஏற்றாதீர்கள். காற்றில் திரும்பும் 4 மீட்டர்க் கயாக்கை ஏணியில் நின்றபடி யாராலும் நிறுத்த முடியாது.

படி 4: கயாக்கைக் கட்டுதல்

இந்த விளக்கத்தில் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள பாலியஸ்டர் பட்டையை வாங்குங்கள். நைலான் நனைந்தால் நீளும், மழையில் கட்டு தளரும். பற்கள் கவ்விப் பிடிக்கும் கேம் பக்கிள் போதும். நெம்பி முறுக்கும் ராட்செட் பட்டை கை வலிமையைப் பல மடங்காக்குவதால், இறுகியது தெரியாமலே கயாக்கின் உடலை நெரித்துவிடும்.

பக்கிள் உங்கள் பக்கம், கம்பிக்கு ஒரு சாண் மேலே தொங்கும்படி வைத்து, பட்டையின் வாலைக் கயாக்கின்மேல் மறுபுறம் எறியுங்கள். மறுபுறம் சென்று, வாலைக் கம்பிக்கு அடியில் விட்டு எடுத்து, திரும்பக் கயாக்கின்மேல் உங்கள் பக்கம் எறியுங்கள். கம்பியைச் சுற்றும் இடம், கம்பியின் காலுக்கும் கயாக்குக்கும் நடுவே இருக்க வேண்டும். காலுக்கு வெளியே சுற்றினால் பட்டை கம்பியின் நுனிவழியே வழுக்கிக் கழன்றுவிடலாம். இந்தப் பக்கமும் கம்பிக்கு அடியில் விட்டெடுத்து, வாலைப் பக்கிளின் பற்களுக்குக் கீழிருந்து மேலாக நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து இறுக்குங்கள். இதேபோல் இரண்டாம் கம்பியிலும் கட்டுங்கள். பட்டை கயாக்கின்மேல் செல்லும் நீளத்தில் ஒரு முறுக்கு கொடுத்தால், காற்றில் அது அதிர்ந்து எழுப்பும் ரீங்காரம் பெரும்பாலும் அடங்கிவிடும். மிஞ்சிய வாலைக் கம்பியிலேயே சுற்றி முடிச்சிடுங்கள். கதவிடுக்கில் வைத்து மூடினால், திரிபோல மழைநீரை உறிஞ்சி உள்ளே படுக்கையில் சொட்டவிடும்.

இனி கயாக்கின் முனையைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். வேனும் சேர்ந்து ஆடினால் கட்டு சரி. கயாக் மட்டும் ஆடினால் பட்டையை மறுபடி இறுக்க வேண்டும்.

முன்முனையிலிருந்தும் பின்முனையிலிருந்தும் வண்டியின் இழுவை வளையத்துக்குக் கயிறு கட்டுவது இரண்டாம் பாதுகாப்பு. லாரியில் சரக்குக் கட்டுவோர் போடுவதுபோல, கயிற்றின் நடுவே ஒரு கண்ணி போட்டு, நுனியை வளையத்தில் விட்டெடுத்துக் கண்ணியில் நுழைத்து இழுக்கும் முடிச்சு இதற்கு ஏற்றது. தொய்வு நீங்கும் அளவு போதும். முனை வளையும்வரை இழுக்காதீர்கள். பின்புறக் கயிறு கட்டியபின் பின்கதவு திறக்காது என்பதால், சமையல் பொருள்களை முன்னதாகவே வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: அலைச்சறுக்குப் பலகைகள்

எடை குறைவு என்பதால் இவற்றைச் சாதாரணமாக நினைப்பவர்கள் உண்டு. ஆனால் மேற்பரப்பு அகன்றதும் எடை அற்பமானதுமான பலகையைத்தான் காற்று முதலில் தூக்கும். மெழுகு பூசிய மேல்பக்கம் கீழே பார்க்க, ஃபின்கள் (பலகையின் வால்முனை அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்புகள்) முன்புறத்தில் வானத்தைப் பார்க்க வையுங்கள். ஃபின்கள் முன் பட்டைக்கு முன்னால் இருப்பதால், பலகை காற்றில் பின்னோக்கி நழுவினால் பட்டையில் தட்டி நின்றுவிடும். நீளமானது அடியில், குட்டையானது மேலே, இடையில் ஃபோம் அல்லது மடித்த துண்டு. பட்டையின் உலோகப் பக்கிள் பலகையின் விளிம்பில் படக்கூடாது. அந்த விளிம்புதான் முதலில் நொறுங்கும்.

வெயில் இவற்றின் பெரிய எதிரி. மெழுகு உருகுவது சிறிய தொல்லை; ஃபோமின்மேல் உள்ள கண்ணாடியிழை உறை குமிழ்விட்டுப் பிரிந்தால் செலவு பெரிது. வெள்ளி நிறப் பலகைப்பை உதவும். 2 மீட்டருக்குக் குறைவான பலகையைப் பயணத்தின்போது வேனுக்குள் கூரையடியில் பட்டைகளில் தொங்கவிடுவதையே நான் விரும்புகிறேன். ஆனால் வேனை மூடி வெயிலில் நிறுத்தினால் உள்ளேயும் அதே வெப்பம்தான்.

படி 6: புறப்படும்போதும் சேர்ந்தபிறகும்

புதிய மொத்த உயரத்தை அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம், முன்னாலோ பின்னாலோ 1 மீட்டருக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்கு அடையாளம் வைக்கச் சொல்கிறது. சில நாடுகளின் சட்டம் இதைவிடக் கண்டிப்பானது என்பதால் செல்லுமிடத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் 15 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திப் பட்டைகளைத் தொட்டுப் பாருங்கள். தளர்வது பெரும்பாலும் அப்போதுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுவதால், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100க்குச் சென்றால் கூரைச் சுமையைத் தள்ளும் விசை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. பாலங்களில் பக்கக்காற்று அடிக்கும்போது உயரமான வேன் இன்னும் அதிகமாகத் தள்ளாடும்.

சேர்ந்ததும் பலகைகளை முதலில், கயாக்கைப் பின்னர் இறக்கி, கூரை காலியான பிறகே உயரும் கூரையைத் திறங்கள். பட்டைகளை நன்னீரில் அலசி, பக்கிளின் பற்களுக்கிடையே சிக்கிய மணலைப் பழைய பல்துலக்கியால் தட்டிவிட்டு, நிழலில் உலர்த்துங்கள்.